விரல் விழாத கண்ணாடி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வெயிலுக்கும் புழுதிக்கும் காய்த்த கைக்கும் டச் போன் எவ்வளவு ஈடுகொடுக்கிறது?

பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து, கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டுத் தேய்ந்த கையின் ஆள்காட்டி விரலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனித் தோல் காய்த்துத் தடித்திருக்கும். ரேகை பாதி அழிந்திருக்கும். குறுக்கே ஓடும் வெடிப்புகளில் கரிசல் மண்ணின் கறுப்பு, எத்தனை முறை கழுவினாலும் போகாமல் தங்கியிருக்கும். இந்த விரல்தான் கண்ணாடியில் மினுங்கும் பச்சை வட்டத்தை மேலே தள்ளி, வளைகுடாவிலிருந்து கூப்பிடும் மகனிடம் பேச வேண்டும். முதல் தடவை தள்ளும்போது போன் அசைவதில்லை. அடுத்து அழுத்தித் தள்ளிப் பார்க்கிறார்கள். அதன் பிறகு விரலை நாக்கில் தொட்டு, முந்தானையில் ஒற்றிக்கொண்டு வருவதற்குள் மணி நின்றுவிடுகிறது. "விரல் விழல, நீ வந்து எடு தாயி" என்று அப்பத்தா பேத்தியைக் கூப்பிடும் குரல் திருச்சுழி, நரிக்குடி பக்கத்து வீடுகளில் சாதாரணமாகக் கேட்கக்கூடியது. 2020இல் ரேஷன் கடைகளுக்குக் கைரேகைக் கருவி வந்தபோது சிக்கலில் மாட்டியதும் இதே விரல்தான்.

திருச்சுழியை வெளியூர்க்காரர்கள் ரமண மகரிஷி பிறந்த ஊராக அறிவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது குண்டாற்றங்கரையில் இருக்கும் தாலுகா ஊர்; பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் பஸ் ஏறிப் போகிற இடம். அருப்புக்கோட்டையில் தறியும் நூல் மில்லும் உண்டு, சுற்றிலும் மல்லிகைத் தோட்டம் உண்டு. ஊரைத் தாண்டிவிட்டால் கண்மாயை நம்பிய, வானம் பார்த்த பூமி. சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, கொத்தமல்லி, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் ஐப்பசி மழை வைத்ததுதான் கணக்கு. ராமநாதபுரத்திலிருந்து 1985இல் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தை 2018இல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட சீமையில் இன்று டச் போன் இல்லாத வீடு குறைவு.

போன்களைப் பற்றிய மதிப்புரைகள் எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜி.பி. ரேம், விளையாட்டு திக்காமல் ஓடுகிறதா என்று அலசுகிறார்கள். நிழலான அறையில், மெத்தென்ற விரலோடு உட்கார்ந்து செய்யும் சோதனைகள் அவை. இந்த மண்ணுக்கு வேறு சோதனை வேண்டும். அப்படிச் சோதித்துப் பார்க்கும் எவருக்கும் ஒன்று தெரியும்: டச் போனில் இங்கே மிகவும் சண்டித்தனம் செய்வது அதன் டச்தான். மிகவும் உதவுவது, அதிகம் பேசப்படாத அதன் மைக்கும், வாசிப்புக் கண்ணாடியாகவும் சாட்சியாகவும் உழைக்கும் அதன் கேமராவும்.

இருட்டறைக்குச் செய்த சாமான்

தொடுதிரைக்கான யோசனையை 1965இல் முன்வைத்தவர் இ.ஏ. ஜான்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இங்கிலாந்தில் மால்வெர்ன் என்ற ஊரில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தில் அவருக்கு வேலை. விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலர்கள் திரையில் கை வைத்தே கட்டளை கொடுக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். நாற்காலியில் உட்கார்ந்து, வெளிச்சம் குறைந்த அறையில், ரேடார் திரையைப் பார்ப்பவருக்காகப் பிறந்த கருவி அது. 2007இல் ஐபோன் வந்து உலகத்தையே அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. நாற்காலியும் இருட்டறையும் மட்டும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை.

இது வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் கோளாறு அப்பத்தாவுடையது இல்லை என்பது விளங்கும். கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடு என்ற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். தறியில் பாவும் ஊடையும் ஓடுவதுபோல அந்தப் பூச்சு குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளாக ஓடுகிறது. கோடுகள் சந்திக்கும் இடமெல்லாம் கொஞ்சம் மின்னூட்டம் தேங்கி நிற்கும். மனித உடம்பில் உப்பும் நீரும் இருப்பதால், விரல் அருகே வந்ததும் அந்த மின்னூட்டத்தில் ஒரு துளியை இழுத்துக்கொள்ளும். எந்தச் சந்திப்பில் குறைந்தது என்று உள்ளிருக்கும் சில்லு கணக்குப் பார்த்து, அங்கே தொட்டார்கள் என்று முடிவு செய்கிறது. இதில் அழுத்தத்துக்கு வேலையே கிடையாது. காய்த்த தோலில் ஈரம் குறைவு, தடிமன் கூடுதல். அதனால் உள்ளே இருக்கும் உயிருள்ள சதை கண்ணாடியிலிருந்து தள்ளி நிற்கிறது. சில்லுக்கு அங்கே விரல் இருப்பதே தெரிவதில்லை. நாக்கில் தொட்டதும் வேலை செய்வது எச்சிலின் ஈரத்தால்தான்.

ஈரம் கூடிப்போனால் நேர்மாறான தொல்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மல்லிகை மொட்டு விடியும் முன்பே பறிக்கப்படுகிறது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியின் எல்லைக்குள் விருதுநகர் மாவட்டமும் அடக்கம். பனியில் நனைந்த கையோடு, அன்றைக்கு மல்லி என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க போனை எடுத்தால், திரையில் ஒட்டும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு விரலாகக் கணக்காகிறது. தொடாத பொத்தான் அமுங்குகிறது. யாருக்கோ அழைப்பு போகிறது. காய்ந்த விரலை மதிக்காத திரை, நனைந்த விரலை ஒன்றுக்கு ஐந்தாக எண்ணுகிறது.

இதற்கு மாற்றே இல்லாமல் இருந்ததில்லை. 2010 வாக்கில் தமிழ்நாட்டில் சக்கைப்போடு போட்ட நோக்கியா 5233 பலருக்கு நினைவிருக்கும். அதன் திரை வேறு வகை. மேல் படலம் அமுங்கி கீழ்ப் படலத்தைத் தொட்டால் வேலை நடக்கும். நகத்தால் அழுத்தலாம், பேனா மூடியால் அழுத்தலாம், எப்பேர்ப்பட்ட காய்த்த விரலாலும் அழுத்தலாம். இரண்டு விரல்களால் படத்தை விரிக்க முடியாது, பளபளப்பும் வழுக்கலும் குறைவு என்பதால் சந்தை அதைக் கைவிட்டது. இந்த ஊருக்கு அது நல்ல திரை என்பது என் எண்ணம்.

2012இல் வந்த நோக்கியா லூமியா 920 இப்போதைய வகைத் திரையிலேயே ஒரு வழி காட்டியது. கையுறை போட்டிருந்தாலும் உணரும்படி திரையின் உணர்திறனைக் கூட்டியிருந்தார்கள். கையுறைக்கு அடியில் இருக்கும் விரலும், காய்த்த தோலுக்கு அடியில் இருக்கும் சதையும் சில்லுக்கு ஒன்றுதான். குளிர்நாட்டுக்காரர்களின் கையுறைக்காகக் கண்டுபிடித்த வசதி கரிசல்காட்டுக் கைக்கும் பொருந்துகிறது. இன்று பல போன்களில் 'டிஸ்ப்ளே' அமைப்புக்குள் 'டச் சென்சிடிவிட்டி' அல்லது 'கையுறை' என்ற பெயரில் இது ஒளிந்திருக்கிறது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் போன் பிடிக்கிறார்கள் என்றால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தடித்த மலிவு டெம்பர் கிளாசை மாற்றி மெல்லியதாக ஒட்டுங்கள். பாதித் தொல்லை அன்றைக்கே குறையும்.

உச்சி வெயிலில்

சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு வெட்டவெளியில் போனை எடுத்துப் பாருங்கள். திரையில் தெரிவது உங்கள் முகம்தான். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் விற்கும் பல போன்களில் அது 500, 600 நிட் அளவில் நின்றுவிடுகிறது. விலை உயர்ந்தவற்றில் இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது. வெயிலில் வேலை செய்பவர் வாங்குவது மங்கலான திரை. நிழலில் இருப்பவர் வாங்குவது வெயிலிலும் தெரியும் திரை. வேறு வழியில்லாமல் இங்கே பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, போனையும் அதற்குள் வைத்து, அந்தச் சின்ன நிழலில் எழுத்தைத் தேடுகிறார்கள்.

சூடு அடுத்த சங்கதி. போனைப் பயன்படுத்தச் சுற்றுப்புறம் 35 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்று ஆப்பிள் நிறுவனமே தன் குறிப்பில் சொல்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் கோடையில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். தகரக் கூரைக்குக் கீழே சார்ஜில் போட்டால் போன் சூடேறி சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும். லித்தியம் பேட்டரி சூட்டிலேயே கிடந்தால் சீக்கிரம் கிழடு தட்டும். இரண்டாவது கோடையில் பலருடைய போன் மத்தியானத்துக்குள் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு புழுதி. கரிசல் மண் காய்ந்தால் மாவாகப் பறக்கும். கருவேலக் கரி மூட்டை கட்டும் இடத்தில் கரித்தூள். மில்லிலும் தறிக்கூடத்திலும் பஞ்சுத் தூசு. மைக்கின் ஓட்டை, ஸ்பீக்கரின் சல்லடை, சார்ஜ் குத்தும் வாய் எல்லாவற்றிலும் அது போய் அடைகிறது. போன் அட்டைப்பெட்டியில் ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. கடைகளில் பேச்சு முழுக்க இரண்டாவது இலக்கத்தைப் பற்றியே நடக்கிறது. மழையே அருமையான இந்தச் சீமையில் கேட்க வேண்டியது முதல் இலக்கம். 6 என்றால் தூசி உள்ளே புகாது. 5 என்றால் கொஞ்சம் புகும், கருவி ஓடுவதைக் கெடுக்காது என்று பொருள். வாங்கும்போது அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் பின்னால் சார்ஜ் ஜாக்குக்கு அலைவது குறையும்.

இந்த இடத்தில் பழைய பட்டன் போனுக்கு மரியாதை செய்யாமல் நகர முடியாது. 2003இல் வந்த நோக்கியா 1100 உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. புழுதியும் வியர்வையும் உள்ள நாடுகளை மனதில் வைத்தே அதைச் செய்தார்கள். விசைகளுக்கு மேல் ஒரே ரப்பர் உறை, தூசி இறங்காது. வழுக்காத விளிம்பு. உச்சியில் ஒரு டார்ச்; ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் காலடியில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பேட்டரி 850 மில்லி ஆம்பியர்தான், ஆனால் நாள்கணக்கில் நின்றது. இப்போது 5,000, 6,000 போட்டும் பொழுது விடிந்தால் சார்ஜர் தேடுகிறோம். 5 என்ற எண்ணின் மேல் ஒரு சின்ன மேடு இருக்கும். அதைத் தடவியே கண் தெரியாதவரும், எழுத்துத் தெரியாதவரும், இருட்டில் இருப்பவரும் எண்ணைப் போட்டார்கள். கண்ணாடித் திரையில் தடவிப் பார்க்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கண்ணால்தான் செய்ய வேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விற்பவர்கள் யோசிப்பதில்லை.

எழுத்தில்லாமல் பேசியது

அப்படியானால் ஏன் எல்லோரும் டச் போனுக்கு மாறினார்கள்? பெருமைக்காக என்று சொல்பவர்கள் இந்த ஊர் வீடுகளுக்குள் வந்து பார்த்ததில்லை. பிழைப்புக்காகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிய சீமை இது. சென்னை, திருப்பூர், மலேசியா, வளைகுடா என்று ஆள் போகாத வீடு குறைவு. முகம் பார்த்துப் பேசுவதற்கு எந்த விலையும் கொடுப்பார்கள். துபாயில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் போட்டிம் என்ற செயலியைப் போட வேண்டும் என்பது, ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாத தாய்மாருக்கும் இங்கே தெரியும். பேரன் நடக்கப் பழகுவதைப் பார்க்க ஒரு பாட்டி எந்தச் செயலியையும் கற்றுக்கொள்வாள்.

அடுத்தது குரல். தமிழைப் போனுக்குள் கொண்டுவர எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இலேயே போனில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. படித்தவர்களுக்கு இவை பெரிய வரம். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாமல் கண்மாய்க்கும் காட்டுக்கும் போனவர்களுக்குக் கதவைத் திறந்தது 2013இல் வாட்ஸ்அப்பில் சேர்ந்த குரல் பதிவு. மைக் படத்தை அழுத்திப் பிடித்து, பேசிவிட்டு விரலை எடுத்தால் போதும். பூ மண்டிக்கும் உரக் கடைக்கும், சம்பந்தி வீட்டுக்கும் தகவல் போகிறது. படிக்கத் தெரியாதவர் வெட்கப்பட்டு நிற்கும் இடம் ஒன்று இதனால் காணாமல் போனது. இந்த ஒன்றுக்காகவே டச் போனுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதியும் 2017இலிருந்து தமிழில் உண்டு. ஏட்டுத் தமிழில் நிதானமாகச் சொன்னால் நன்றாகவே எழுதித் தரும். "அவுக இன்னும் வரல, வந்தாகன்னா சொல்லுறேன்" என்று இந்தப் பக்கத்து வழக்கில் பேசினால் எந்த மென்பொருளும் இன்னும் தடுமாறவே செய்யும். கரிசல் வழக்கைக் கேட்டுப் பழகாத இயந்திரம் கரிசல்காரரிடம் தன் மொழியை மாற்றிப் பேசச் சொல்கிறது. பல்கலைக்கழகங்களும் அரசும் தென்மாவட்டப் பேச்சைப் பதிவுசெய்து இதற்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கேமராவை செல்ஃபிக்கென்று நினைப்பது நகரத்துப் பழக்கம். இங்கே அது வாசிப்புக் கண்ணாடி. பூச்சிமருந்து டப்பாவின் பொடி எழுத்தைப் படம்பிடித்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். சிவப்பு முக்கோணம் போட்டிருந்தால் கடும் நஞ்சு, மஞ்சளும் நீலமும் பச்சையும் படிப்படியாகக் குறைவு. 2018இல் மக்காச்சோளத்தில் அமெரிக்கப் படைப்புழு இறங்கியபோது, குருத்துக்குள் இருக்கும் புழுவின் படத்தை வேளாண் அலுவலருக்கு அனுப்பி இதுதானா என்று கேட்க முடிந்தது. அதே வருடம் ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் மானியம், பயிர்க் காப்பீடு, வானிலை, சந்தை விலை எல்லாம் உண்டு. நல்ல முயற்சி. எழுத்தும் பட்டியலுமாக இருப்பதுதான் அதன் பலவீனம்; பேசிக் கேட்டால் பேசிப் பதில் சொல்கிற உழவன்தான் இந்தச் சீமைக்குத் தேவை.

கேமராவின் இன்னொரு உபகாரத்தைச் சொல்லியாக வேண்டும். நூல் மில்லில் உழைத்து ஓய்வுபெற்று, சொற்ப ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். நூலில் தேய்ந்த விரலைக் கைரேகைக் கருவி ஏற்காமல் திருப்பி அனுப்பிய காலம் இருந்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் முறை வந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பேரன் போனைப் பிடிக்க, ஒரு முறை கண் சிமிட்டினால் முடிந்தது. விரல் தோற்ற இடத்தில் முகம் ஜெயித்தது.

கண்மாய்க்குள் நிற்கும் வரிசை

விரும்பி வாங்கிய போனின் குறைகளைச் சகித்துக்கொள்ளலாம். அரசு கட்டாயப்படுத்தும் போனின் குறை கூலியில் கைவைக்கிறது.

நூறு நாள் வேலைக்கு என்.எம்.எம்.எஸ். என்ற வருகைப்பதிவுச் செயலி 2021 மே மாதம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமானது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படமும், குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு படமும் எடுக்க வேண்டும். படத்தோடு அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் ஏறும். படம் ஏறினால்தான் வருகை. வருகை இருந்தால்தான் கூலி.

காகிதத்தில் நல்ல திட்டம். வராதவர் பெயரில் கூலி எழுதும் மோசடி இருந்தது உண்மை, அதைப் பற்றி வேலைக்குப் போனவர்களே குமுறியிருக்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும் கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். கரைக்குக் கீழே டவர் இழுக்காது. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு ஏற்ற வழி உண்டு என்றாலும், அந்தப் 'பிறகு' எப்போது வரும் என்று தெரியாமல் பொறுப்பாளர் கரைமேல் ஏறி போனைத் தூக்கிப் பிடித்து நடக்கிறார். பெரும்பாலும் அவரும் அதே ஊர்ப் பெண்தான். போன் அவருடையது, ரீசார்ஜ் அவருடையது. வெயிலில் திரை தெரியாது. மண் வெட்டிய விரல் பட்டியலில் இருக்கும் பெயரைத் தொட்டால் பக்கத்துப் பெயரில் டிக் விழுகிறது. அளந்து விட்ட வேலையைக் காலையிலேயே முடித்தவர்கள் இரண்டாவது படத்துக்காக வேகாத வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். நாடு முழுவதும் இதே புகார். 2023 பிப்ரவரியிலிருந்து தில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

மோசடியாவது நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய படத்தையே படம்பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருக்கும் ஆள் கணக்கும் பதிவில் இருக்கும் கணக்கும் பொருந்தவில்லை, இரண்டாவது படமே இல்லை என்று அந்தக் கடிதம் அடுக்கியது. ஏமாற்ற நினைத்தவர் ஏமாற்ற வழி கண்டுபிடித்துவிட்டார். டவர் கிடைக்காதவர் கூலி இழந்தார். 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலைக்கான புதிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதிலும் மொபைல் வழிக் கண்காணிப்புக்கு இடம் இருக்கிறது.

போனை வருகைப் பதிவேடாக்க அரசு நினைத்தால், அந்த வேலைக்குத் தகுந்த போனை அரசே வாங்கிக் கொடுக்கட்டும். வெயிலில் தெரியும் திரை, தடித்த விரலை உணரும் திரை, தூசி புகாத உடம்பு, மாத ரீசார்ஜ் எல்லாம் சேர்த்துக் கொடுக்கட்டும். போன் மக்கர் செய்த நாளில் கையெழுத்தும் கைநாட்டும் விழுந்த தாள் பதிவேடு செல்லும் என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். ஒரு சில்லு உணரவில்லை என்பதற்காக மண் சுமந்தவருக்குக் கூலி இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ரீசார்ஜும் ரகசிய எண்ணும்

காசுக் கணக்குக்கு வருவோம். 2024 ஜூலையில் ஜியோ தன் 28 நாள், தினம் ஒன்றரை ஜி.பி. திட்டத்தை 239 ரூபாயிலிருந்து 299 ஆக்கியது. மற்றவர்களும் ஏற்றினார்கள். 28 நாள் என்பதால் வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை கட்ட வேண்டும்: ஒரு போனுக்கு 3,887 ரூபாய். வீட்டில் இரண்டு போன் என்றால் ஏழாயிரத்து எழுநூறைத் தாண்டுகிறது. பேசவும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

போன் வழியே பணம் அனுப்புவதில் ஒன்றை மட்டும் எல்லா வீட்டிலும் உரக்கச் சொல்லி வைக்க வேண்டும். பணம் வருவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகிறது. தனிநபர்கள் இன்னொருவரிடம் பணம் கோரும் 'கலெக்ட்' முறையை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள் என்றாலும் ஏமாற்றுகிறவர்கள் வேறு வேஷத்தில் வருகிறார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை மறித்து நிறுத்த வாய்ப்பு.

காம்போ

அருப்புக்கோட்டை கடைத்தெருவில் போன் பழுதுபார்க்கும் மேசைக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றால் ஊரின் கைகளெல்லாம் வந்துபோகும். டிராக்டரிலிருந்து விழுந்தது, மடியிலிருந்து நழுவியது, ஆட்டுக்குட்டி மிதித்தது. கடைக்காரர் சூடேற்றும் தட்டில் போனை வைத்து, பசை இளகியதும் மெல்லிய தகட்டை விளிம்பில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பெயர்க்கிறார். முன்பெல்லாம் மேல் கண்ணாடி உடைந்தால் டச் மட்டும் மாற்றினால் போதும். இப்போது கண்ணாடி, டச், டிஸ்ப்ளே மூன்றையும் ஒன்றாக ஒட்டியே கம்பெனிகள் தருகின்றன. அதனால் 'காம்போ' முழுவதையும் மாற்ற வேண்டும். மலிவு போனுக்கே அது ஆயிரங்களில் போகிறது. கூலிக்குப் போகிறவருக்கு அது பல நாள் சம்பளம். பலர் விரிசலின் மேலேயே டேப் ஒட்டி ஓட்டுகிறார்கள். அந்த விரிசல், ஏற்கெனவே வெடித்த விரலை மேலும் கிழிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கும் ஒவ்வொரு போனோடும் ஒரு தரச்சீட்டு வர வேண்டும். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், தூசியும் தண்ணீரும் எவ்வளவு தடுக்கப்படும், பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று அதில் தரம் போட்டிருக்கும். அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருடத்துக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். பேட்டரி 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதமாவது தேங்க வேண்டும். நம் நாட்டிலும் நுகர்வோர் துறை அமைத்த குழு 2025 மே மாதம் பழுதுபார்ப்புத் தரக் குறியீட்டுக்கான பரிந்துரையைக் கொடுத்திருக்கிறது. குளிரான, புழுதியில்லாத ஐரோப்பாவுக்கே அந்தச் சீட்டு தேவைப்படுகிறது என்றால் விருதுநகர் மாவட்டத்துக்கு எவ்வளவு தேவை என்று நினைத்துப் பாருங்கள். அதில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்வேன்: உலர்ந்து தடித்த விரலை இந்தத் திரை உணருமா என்று.

அந்தச் சீட்டு வரும்வரை கடையில் நீங்களே சோதித்துக்கொள்ளலாம். போனைக் கடைக்கு வெளியே வெயிலுக்கு எடுத்து வந்து திரை தெரிகிறதா என்று பாருங்கள். யார் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்களையே கூட்டிப் போய், அவர்கள் விரலாலேயே ஒரு அழைப்பை எடுக்கச் சொல்லுங்கள். இந்த மாடலுக்குக் காம்போ என்ன விலை, அது அருப்புக்கோட்டையிலேயே கிடைக்குமா, மதுரைக்கு அலைய வேண்டுமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் அடுத்த மாடலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.